சிங்கப்பூர் வீட்டு பிராட்பேண்ட்: வேகம் எங்கே தேங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்காங்கில் எங்கள் புளோக்கில் யார் வீட்டில் இணையம் மெதுவானாலும் என்னிடம்தான் கேட்பார்கள். லிஃப்டில் கேட்பார்கள், கோயிலில் அன்னதான வரிசையில் நிற்கும்போதும் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் அதே கேள்விகள்தான். காரணம் தெரியாமலே விலை கூடிய பிளானுக்கு மாறி, இரண்டு வருட ஒப்பந்தத்தில் கையெழுத்தும் போட்டுவிட்டு, வேகம் அப்படியே இருக்கிறது என்று வருந்தியவர்களை நிறையப் பார்த்துவிட்டேன். அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, எனக்குத் தெரிந்த பதிலை எழுதியிருக்கிறேன்.

"அண்ணே, 1 ஜிபிபிஎஸ் பிளான் எடுத்திருக்கேன். கம்ப்யூட்டர்ல ஃபைல் இறங்கும்போது 110னுதான் காட்டுது. பத்துல ஒரு பங்குதான் வருதா?"

இல்லை, முழுதாகவே வருகிறது. பிளானில் எழுதியிருப்பது பிட் கணக்கு. ஃபைல் இறங்கும்போது திரையில் தெரிவது பைட் கணக்கு. 8 பிட் சேர்ந்தால்தான் 1 பைட். 1 ஜிபிபிஎஸ் என்றால் விநாடிக்கு 1,000 மெகாபிட். அதை 8-ஆல் வகுத்தால் 125 மெகாபைட். அதில் கொஞ்சம் தரவைச் சுமந்து வரும் உறைகளுக்குப் போய்விடும். 110 முதல் 117 வரை காட்டினால் உங்கள் லைன் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம்.

"லைன் வீட்டுக்குள்ள எப்படி வருது? எந்த இடத்துல வேகம் குறையும்?"

இந்தக் கேள்விக்குப் பதில் புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். உட்லண்ட்ஸ் வழியாக ஜொகூர் போகிறவர்களுக்குத் தெரியும்: விரைவுச்சாலை எத்தனை தடம் அகலமாக இருந்தாலும், சோதனைச்சாவடியை எவ்வளவு சீக்கிரம் தாண்டுகிறோம் என்பதுதான் பயண நேரத்தைத் தீர்மானிக்கும். இணையமும் அப்படியே. பாதையில் எது மிகக் குறுகலான இடமோ, அதன் வேகம்தான் உங்கள் வேகம்.

பாதை இதுதான். உங்கள் போன், அங்கிருந்து ரூட்டர் வரை வைஃபை, ரூட்டரிலிருந்து ஓஎன்டி என்ற, இழையில் வரும் ஒளியை மின் சமிக்ஞையாக மாற்றும் சின்னப் பெட்டிக்கு ஒரு கேபிள், ஓஎன்டியிலிருந்து சுவரில் இருக்கும் டிபி பெட்டி வழியாகக் கண்ணாடி இழை (ஃபைபர்), அந்த இழை போய்ச் சேரும் தொலைபேசி நிலையம், உங்கள் சேவை நிறுவனத்தின் கட்டமைப்பு, தேவைப்பட்டால் கடலடி கேபிள், கடைசியில் நீங்கள் பார்க்கும் தளத்தின் சர்வர். சில வீடுகளில் ஓஎன்டியும் ரூட்டரும் ஒரே பெட்டியாக இருக்கும்.

முன்பு டெலிபோன் செப்புக் கம்பியில் ஏடிஎஸ்எல் வந்த காலத்தில், தொலைபேசி நிலையத்திலிருந்து வீடு தள்ளிப் போகப் போக வேகம் குறையும். ஏடிஎஸ்எல்2+ என்ற வகையே அதிகபட்சம் 24 எம்பிபிஎஸ்தான், அதாவது விநாடிக்கு 24 மெகாபிட். 2010-ல் நாடு தழுவிய ஃபைபர் சேவை தொடங்கிய பிறகு இங்கே அந்தக் கவலை போய்விட்டது. நிலையத்துக்குப் பக்கத்து வீடானாலும் தள்ளி இருக்கும் வீடானாலும் இழையில் ஒரே வேகம்தான். அதனால்தான் சிங்கப்பூரில் குறுகலான இடம் பெரும்பாலும் இழையின் இரண்டு பக்கத்திலும் இருக்கிறது: ஒன்று வீட்டுக்குள்ளே, இல்லாவிட்டால் கடலுக்கு அப்பால்.

"போன்ல ஸ்பீட் டெஸ்ட் பண்ணினா 300தான் வருது. கம்பெனிக்காரன் ஏமாத்துறானா?"

போனில் எடுத்த அளவை வைத்து அப்படிச் சொல்ல முடியாது. அது உங்கள் வைஃபையின் அளவு. போனிலும் ரூட்டரிலும் எழுதியிருக்கும் வேகம் காற்றில் சமிக்ஞை போகும் வேகம். கைக்கு வருவது அதில் ஏறக்குறைய 60 முதல் 70 விழுக்காடு, அதுவும் ரூட்டர் இருக்கும் அறையிலேயே நின்றால். வைஃபை 5 உள்ள பழைய போன் ஒன்றில் எழுதியிருப்பது 866 எம்பிபிஎஸ் என்றால், நடைமுறையில் 500, 600 வந்தாலே நல்லது. ஒரு சுவர் தாண்டினால் 300 ஆகும். அது இயல்புதான்.

அப்புறம், எந்த அலைவரிசையில் இருக்கிறீர்கள் என்றும் பாருங்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் தூரம் போகும், ஆனால் நெரிசல். ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் அதில் மூன்றுதான்: 1, 6, 11. மேல் வீடு, கீழ் வீடு, எதிர் வீடு, இடது வலது என்று எல்லாருடைய ரூட்டரும் அந்த மூன்றையே பங்கு போடுகின்றன. வீவக (அரசு அடுக்குமாடி) புளோக்கில் அதில் 50 முதல் 100 எம்பிபிஎஸ் கிடைத்தால் அதிகம். 5 கிகாஹெர்ட்ஸில் இடம் தாராளம், ஆனால் சுவரைத் தாண்டும்போது சோர்ந்துவிடும். 6 கிகாஹெர்ட்ஸின் கீழ்ப்பகுதியை தகவல்தொடர்பு ஊடக மேம்பாட்டு ஆணையம், அதாவது ஐஎம்டிஏ, 2023-ல் வைஃபைக்குத் திறந்துவிட்டது. புதிய போனும் புதிய ரூட்டரும் இருந்தால் அது மிகவும் நல்ல வழி. ஆனால் அது இன்னும் குறைந்த தூரம்தான் போகும்.

"ரூட்டரை பாம் ஷெல்டர்ல வெச்சிருக்கோம். ஹாலில் வயர் தெரியக் கூடாதுன்னு வீட்டுக்காரி சொல்றாங்க."

அக்கா சொல்வது புரிகிறது. ஆனால் வைஃபைக்கு வீட்டிலேயே மோசமான இடம் அதுதான். 1990களின் பிற்பகுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக வீடுகளில் இருக்கும் அந்த அறை, வெடிச்சிதறலைத் தடுக்க வேண்டும் என்பதற்காகவே தடித்த கான்கிரீட்டும் உள்ளே இரும்புக் கம்பியுமாகக் கட்டப்பட்டது. கதவும் எஃகு. வெடியைத் தடுக்கும் சுவர் ரேடியோ அலையைச் சும்மா விடாது. கதவைத் திறந்து வைத்தால் ஹாலுக்கு மட்டும் கொஞ்சம் வரும், படுக்கையறைக்கு வராது.

பிடிஓ எனப்படும், முன்பதிவுக்குப் பிறகு கட்டித் தரும் புதிய வீவக வீடுகள் பலவற்றில் ஒவ்வொரு அறைக்கும் கேட் 6 வகை ஈதர்நெட் கேபிள் சுவருக்குள்ளேயே போட்டிருப்பார்கள். அந்த மாதிரி வீடு என்றால் ஓஎன்டியை இருந்த இடத்தில் விட்டுவிட்டு, சுவர்க் கேபிள் வழியாக ரூட்டரை மட்டும் ஹாலுக்குக் கொண்டுவாருங்கள். வயர் எதுவும் வெளியே தெரியாது. பழைய வீடு என்றால் சுவரோரமாக ஒரு வெள்ளை மறைப்புக் குழாய் போட்டுத்தான் ஆக வேண்டும்.

ஷெல்டர் இல்லாத வீட்டிலும் இடம் முக்கியம். டிவிக்குப் பின்னால், மீன்தொட்டிக்குப் பக்கத்தில், பெரிய நிலைக்கண்ணாடிக்குப் பின்னால் வேண்டாம். உலோகமும் தண்ணீரும் அலையைப் பிடித்துக்கொள்ளும். ஈசூனில் ஒரு வீட்டில் ரூட்டர் பூஜை அலமாரிக்குள், பித்தளைக் குத்துவிளக்குகளுக்கும் எவர்சில்வர் தட்டுகளுக்கும் பின்னால் இருந்தது. அலமாரிக்கு மேலே எடுத்து வைத்தோம். மகள் அறையில் 40 இருந்தது 210 ஆனது. ஒரு காசு செலவில்லை.

"கேபிள் போட்டு நேரா செருகியும் 94தான் வருது. இப்போ என்ன சொல்றீங்க?"

94, 95 என்று நின்றால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் காரணம் அங்கேயே தெரிந்துவிடும். ஈதர்நெட் கேபிளுக்குள் எட்டுக் கம்பிகள், நான்கு ஜோடி. 1 ஜிபிபிஎஸ் போக நான்கு ஜோடியும் வேண்டும். ஒரு கம்பி அறுந்தாலோ, பிளக்கில் ஒரு முனை சரியாக உட்காராவிட்டாலோ, இரண்டு பக்கச் சாதனங்களும் தாங்களாகவே பேசி, இரண்டு ஜோடியே போதும் என்று 100 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிடும். இணைப்பு துண்டிக்காது, எச்சரிக்கையும் வராது. அதனால்தான் மாதக்கணக்கில் யாருக்கும் தெரிவதில்லை.

இது எனக்கே நடந்தது. வேகம் போதவில்லை என்று மாதம் கூடுதலாகப் பணம் கட்டி மேல் பிளானுக்கு மாறினேன். அதே 94. தொலைபேசியில் சேவை நிறுவனத்தோடு இரண்டு முறை வாக்குவாதம் வேறு. கடைசியில் பார்த்தால் சோபாவின் கால் கேபிளின் மேல் உட்கார்ந்திருந்தது. சில வெள்ளிகளில் ஒரு புதுக் கேபிள் வாங்கிச் செருகியதும் 938 வந்தது. அன்றைக்குத்தான், பிளானைத் தொடும் முன்னால் பாதையை ஒவ்வொரு துண்டாகப் பார்ப்பது என்று முடிவெடுத்தேன்.

கேபிள் நன்றாக இருந்தும் 94 என்றால், நடுவில் இருக்கும் பழைய நெட்வொர்க் சுவிட்ச் (ஒரு கேபிளைப் பல சாதனங்களுக்குப் பிரிக்கும் பெட்டி), டிவி, யூஎஸ்பி அடாப்டர் ஆகியவற்றைப் பாருங்கள். விலை உயர்ந்த டிவிகளில்கூட ஈதர்நெட் துளை 100 எம்பிபிஎஸ்ஸாக இருப்பதுண்டு. அதைப் பற்றிக் கவலை வேண்டாம். 4கே படத்துக்கு நெட்ஃபிளிக்ஸ் கேட்பதே 15 எம்பிபிஎஸ்தான்.

"சரி, 940 வருது. மீதி 60 எங்கே?"

முதல் பதிலில் சொன்ன உறைகள்தான். ஒவ்வொரு 1,500 பைட் பொட்டலத்துக்கும் முன்னும் பின்னும் முகவரி, சரிபார்ப்பு, சிறு இடைவெளி எல்லாம் உண்டு. 1 ஜிபிபிஎஸ் துளை வழியாகச் சுமார் 940-க்கு மேல் யாருக்கும் வராது.

"மெஷ் வாங்கினா சரியாயிடுமா?"

மெஷ் என்பது வீட்டில் பல இடங்களில் வைத்து ஒரே வைஃபையாக வேலை செய்யும் பெட்டிகள். ஐந்தறை வீட்டில் கோடி அறைக்கு எட்டவில்லை என்றால் உதவும். ஆனால் மெஷ் பெட்டிகள் தங்களுக்குள் எப்படிப் பேசிக்கொள்கின்றன என்பதைப் பொறுத்தது. கம்பியில்லாமல் பேசினால், ஒரே காற்றில் ஒருமுறை வாங்கி மறுமுறை அனுப்ப வேண்டும், வேகம் பாதியாகும். தனி அலைவரிசை வைத்திருக்கும் பெட்டிகளில் இழப்பு குறைவு. சுவர்க் கேபிளில் இணைத்தால் இழப்பே இல்லை.

பலர் செய்யும் தவறு, சமிக்ஞை செத்துப்போன அறைக்குள்ளேயே இரண்டாவது பெட்டியை வைப்பது. அங்கே அதற்கும் சமிக்ஞை வராது. பாதி வழியில், முதல் பெட்டியிலிருந்து நன்றாக எட்டும் இடத்தில் வையுங்கள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க நம்ம லைனைப் பங்கு போடுறாங்களாமே? ராத்திரி மெதுவாகுறது அதனாலதானா?"

பங்கு போடுவது உண்மை. ஜிபான் என்ற முறையில் நிலையத்திலிருந்து வரும் ஒரு இழை பல வீடுகளுக்குப் பிரியும். அந்த ஒரு இழையின் மொத்தக் கொள்ளளவு கீழிறக்கத்துக்கு 2.488 ஜிபிபிஎஸ், மேலேற்றத்துக்கு 1.244 ஜிபிபிஎஸ். ஒவ்வொரு வீட்டுக்கும் 1 ஜிபிபிஎஸ் விற்கிறார்கள். கணக்குப் போட்டால் பயமாகத்தான் இருக்கும்.

ஆனால் எல்லா வீடும் ஒரே விநாடியில் முழு வேகத்தைக் கேட்பதில்லை. ஒரு வீட்டில் இரண்டு டிவியில் 4கே ஓடினால்கூட 30 எம்பிபிஎஸ்தான். பெரிய கேம் ஒன்றை இறக்கும் பத்து நிமிடம்தான் ஒரு வீடு நிறைய எடுக்கும். அதனால் இரவு மெதுவாவதற்கு இழையை நான் கடைசியாகத்தான் சந்தேகப்படுவேன். இரவில் புளோக் முழுவதும் வீட்டில் இருக்கிறார்கள், எல்லா ரூட்டரும் வேலை செய்கிறது, மேலே சொன்ன வைஃபை நெரிசல் உச்சத்துக்குப் போகிறது. அதே நேரத்தில் கேபிளில் சோதித்து 900-க்கு மேல் வந்தால், குற்றவாளி காற்றுதான். கேபிளிலும் குறைந்தால், சேவை நிறுவனத்தின் கட்டமைப்பிலோ அதன் வெளிநாட்டு இணைப்பிலோ நெரிசல்.

"அப்போ 10 ஜிபிபிஎஸ்ஸுக்கு மாறலாமா? எல்லாரும் மாறுறாங்களே."

அது எக்ஸ்ஜிஎஸ்-பான் என்ற புதிய முறை. மேலும் கீழும் கிட்டத்தட்ட 10 ஜிபிபிஎஸ். 2024-ல் ஐஎம்டிஏ இதற்காக நாட்டின் ஃபைபர் கட்டமைப்பை மேம்படுத்த 100 மில்லியன் வெள்ளி வரை முதலீடு செய்வதாக அறிவித்தது. நல்ல காரியம். இப்போது பல இடங்களில் இந்தப் பிளான் பழைய பிளானின் விலைக்குப் பக்கத்திலேயே கிடைக்கிறது. ஒப்பந்தம் முடிந்து, விலையும் ஒத்துவந்தால் தாராளமாக எடுக்கலாம்.

ஆனால் வேகம் குறைவு என்ற நோய்க்கு இதை மருந்தாக நினைக்க வேண்டாம். 10 ஜிபிபிஎஸ் ரூட்டரிலிருந்து உங்கள் மடிக்கணினிக்கு வரும் துளை 1 ஜிபிபிஎஸ் என்றால், அதே 940-தான். போனில் வைஃபை 6 என்றால் அதே 600, 700-தான். வீட்டில் ஆறேழு பேர், ஒருவர் வீடியோ எடிட்டிங், இன்னொருவர் வேலைக்காகப் பெரிய ஃபைல்களை ஏற்றுகிறவர் என்றால் வித்தியாசம் தெரியும். கேட் 5இ கேபிள் 2.5 ஜிபிபிஎஸ் வரை போகும், கேட் 6 சுமார் 55 மீட்டர் வரை 10 ஜிபிபிஎஸ் தாங்கும். ஆக, சுவர்க் கேபிளை மாற்ற வேண்டியிருக்காது. இரண்டு முனைகளிலும் உள்ள சாதனங்களைத்தான் மாற்ற வேண்டும்.

"கம்பெனி மாத்தினா வேகம் கூடுமா? எல்லாம் ஒரே லைன்தானே?"

வீட்டுக்கு வரும் இழை பெரும்பாலும் ஒன்றேதான். அது நெட்லிங்க் நிறுவனத்துடையது. சிங்டெல், ஸ்டார்ஹப், எம்1, மைரிபப்ளிக், வியூக்வெஸ்ட் எல்லாரும் அந்த இழையின் மேல்தான் சேவை தருகிறார்கள். அதனால் நிறுவனத்தை மாற்றினால் சுவருக்குள் எதுவும் மாறாது.

மாறுவது நிலையத்துக்கு அப்பால். எந்த நாட்டுக்கு எந்தக் கடலடி கேபிளில் எவ்வளவு இடம் வாங்கியிருக்கிறார்கள், எந்த வழியாக அனுப்புகிறார்கள் என்பதெல்லாம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். உள்ளூர் சோதனையில் எல்லாரும் 900 காட்டுவார்கள். இந்தியாவுக்கோ அமெரிக்காவுக்கோ தினமும் வேலை இருக்கிறவர்கள், வேறு நிறுவனம் வைத்திருக்கும் நண்பர் வீட்டில் இரவு 9 மணிக்கு ஒருமுறை முயன்று பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"ஸ்பீட் டெஸ்ட்ல 900. ஆனா ஊர்ல அம்மாகிட்ட வீடியோ கால் பேசினா படம் உறைஞ்சு போகுது. ஏன் தம்பி?"

அம்மா முகத்தைப் பார்க்க முடியாத வருத்தம் எனக்கும் தெரியும் அக்கா, எங்கள் வீட்டிலும் இதே கதைதான். வீடியோ காலுக்கு 2 முதல் 4 எம்பிபிஎஸ் இருந்தால் போதும். உங்கள் 900 இங்கே பயன்படவே இல்லை. ஸ்பீட் டெஸ்ட் பக்கத்திலேயே இருக்கும் சிங்கப்பூர் சர்வருக்குப் போய்வருகிறது. அழைப்போ கடலைத் தாண்டுகிறது.

சென்னைக்கும் சிங்கப்பூருக்கும் நடுவே 2002 முதல் ஓடும் ஐ2ஐ என்ற கடலடி கேபிள் சுமார் 3,200 கிலோமீட்டர். அதற்குப் பிறகு வேறு கேபிள்களும் வந்துவிட்டன. கண்ணாடிக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் போகும். போய்வர 6,400 கிலோமீட்டர் என்றால் 32 மில்லிவிநாடி. அதற்குக் கீழே எந்தப் பிளானும் கொண்டுபோக முடியாது. ஆனால் அந்த அளவு தாமதம் பேச்சுக்கு இடைஞ்சல் இல்லை. படம் உறைவதற்குக் காரணம் பெரும்பாலும் அந்த முனை: ஊரில் அம்மா வீட்டு மொபைல் சிக்னல். பக்கத்து அறையில் வைஃபை இருந்தால் அம்மாவை அங்கே உட்காரச் சொல்லுங்கள். மொபைல் டேட்டா என்றால் ஜன்னலோரம் அல்லது திண்ணை.

"அமெரிக்க சர்வர்ல இருந்து இறக்கினா 40தான் வருது. அங்கேயும் வேகமான லைன்தானே இருக்கும்?"

இது கொஞ்சம் நுணுக்கமானது. தரவு அனுப்புகிறவர், கொஞ்சம் அனுப்பிவிட்டு 'வந்து சேர்ந்தது' என்ற பதிலுக்குக் காத்திருப்பார். பதில் வரும்வரை வழியில் விட்டுவைக்கும் அளவுக்கு ஒரு வரம்பு உண்டு. அது 1 மெகாபைட், அதாவது 8 மெகாபிட் என்று வைத்துக்கொள்வோம். அமெரிக்கா போய்வர 200 மில்லிவிநாடி என்றால், விநாடிக்கு ஐந்து சுற்று; 5 × 8 = 40 எம்பிபிஎஸ். அதே வரம்பில் 4 மில்லிவிநாடித் தூரத்தில் இருக்கும் உள்ளூர் சர்வர் என்றால் 2,000 எம்பிபிஎஸ் வரை போகலாம். லைன் இரண்டு பக்கமும் காலியாக இருந்தும் தூரமே வேகத்தைக் கட்டிப்போடுகிறது.

ஸ்பீட் டெஸ்ட் பல இணைப்புகளை ஒரே நேரத்தில் திறப்பதால் இது அதில் தெரியாது. ஒரு ஃபைலைப் பல துண்டாக ஒரே சமயத்தில் இறக்கும் மென்பொருள் இருந்தால் வேகம் கூடும். அலுவலக விபிஎன் (வீட்டிலிருந்து அலுவலகக் கட்டமைப்புக்குள் நுழையும் பாதுகாப்பான இணைப்பு) மெதுவாக இருப்பதற்கும் பாதிக் காரணம் இதுவே. மறுபாதி, அந்த விபிஎன் சர்வரை உங்கள் அலுவலகமே பகிர்ந்துகொள்வது.

"பையன் கேம் ஆடும்போது நான் போன்ல போட்டோ பேக்கப் போட்டா அவன் கத்துறான். 1 ஜிபிபிஎஸ்ல ஒரு போட்டோவுக்கு இடம் இல்லையா?"

லைனில் இடம் இருக்கிறது, காற்றில் இல்லை. வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நீங்கள் தூரத்துப் படுக்கையறையில் சமிக்ஞை குறைந்த இடத்தில் இருக்கிறீர்கள். உங்கள் போன் மெதுவாகத்தான் பேச முடிகிறது, அதனால் ஒவ்வொரு முறையும் நீண்ட நேரம் எடுத்துக்கொள்கிறது. பையனின் சின்னப் பொட்டலம் வரிசையில் நிற்கிறது. கேமுக்கு 1 எம்பிபிஎஸ்கூட வேண்டாம், ஆனால் 20 மில்லிவிநாடி 150 ஆனால் ஆட்டம் போய்விடும். பையன் கத்துவதில் நியாயம் இருக்கிறது. அவன் கம்ப்யூட்டருக்கு ஒரு கேபிள் போட்டுக் கொடுங்கள். பிளானை மாற்றுவதைவிட அது பத்து மடங்கு பயன்.

"மழை பெஞ்சா மெதுவாகுமா?"

இழைக்குள் போவது ஒளி. மழை அதைத் தொடாது. இடி மின்னல் நேரத்தில் பவர் அடாப்டர்தான் பாதிக்கப்படலாம்.

"ஓஎன்டியில சிவப்பு லைட் எரியுது. இழை பழசாகி வேகம் குறையுதா?"

இழை நாளாக நாளாக மெல்ல மெல்ல மெதுவாவதில்லை. ஒளி போதுமான அளவு வந்தால் முழு வேகம். எல்லைக்குக் கீழே போனால் விட்டுவிட்டு வரும், இல்லையென்றால் நின்றே போகும். சிவப்பு விளக்கு என்றால் ஒளி வந்து சேரவில்லை. டிபி பெட்டியிலிருந்து ஓஎன்டிக்குப் போகும் மெல்லிய வயரை அலமாரி நசுக்குகிறதா, கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பெருநாள் சமயம் வீட்டைச் சுத்தம் செய்து அலமாரியை நகர்த்திய மறுநாள் எனக்கு வரும் அழைப்புகள் பெரும்பாலும் இதுதான். நுனியைக் கையால் தொடாதீர்கள், கண்ணுக்கு நேரே பிடித்தும் பார்க்காதீர்கள். உள்ளே வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.

"கம்பெனிக்கு போன் பண்ணினா ரூட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணச் சொல்றாங்க. நான் என்ன சொல்லணும்?"

கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். 1 ஜிபிபிஎஸ் துளை உள்ள மடிக்கணினியை, நல்லது என்று தெரிந்த ஒரு கேபிளால் ரூட்டரில் செருகுங்கள். மடிக்கணினியின் வைஃபையை அணைத்துவிடுங்கள், வீட்டில் மற்றவர்களைக் கொஞ்சம் நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள். சிங்கப்பூர் சர்வருக்கு மூன்று முறை சோதியுங்கள். இப்படியே காலையில் ஒரு தடவை, இரவு 9 மணிவாக்கில் ஒரு தடவை, இரண்டு நாள். ஒவ்வொன்றையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து நேரத்தோடு வையுங்கள்.

பிறகு பேசும்போது, "மெதுவாக இருக்கிறது" என்று தொடங்காமல், "கேபிளில், வைஃபை இல்லாமல், இரவு 9 மணிக்கு 180, காலையில் 930" என்று சொல்லுங்கள். முதல் நிலைக் கேள்விகளைத் தாண்டி உங்களை நேராகத் தொழில்நுட்பப் பிரிவுக்கு மாற்ற அந்த ஒரு வரி போதும். டெக்னீஷியன் வீட்டுக்கு வந்தால், ஓஎன்டிக்கு வரும் ஒளியின் அளவை அளந்து சொல்லச் சொல்லுங்கள். ஜிபானில் அது மைனஸ் 8-க்கும் மைனஸ் 27 டிபிஎம்முக்கும் நடுவில் இருக்க வேண்டும். மைனஸ் 27-ஐ ஒட்டி இருந்தால், அதாவது ஒளி மிகக் குறைவாக வந்தால், இழையைப் பார்க்க வேண்டியது அவர்கள் பொறுப்பு. அந்த எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.